தாம்பரத்துல இருந்து ஆசிய கோப்பைக்கு எவ்வளவு தூரம்?

ஜெத்தாவுல ஆசிய கோப்பை கூடைப்பந்து நடந்தப்ப, நம்ம லிசனர் ஒருத்தர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கேள்வி ரொம்ப சிம்பிள்: "ப்ரோ, 140 கோடி பேர் இருக்கோம். கூடைப்பந்து ஆட 12 பேர் தேறலையா?"

இதுக்கு ரெண்டு ரெடிமேட் பதில் இருக்கு. ஒண்ணு, "நம்ம ஆளுங்க ஹைட் கம்மி." இன்னொண்ணு, "இங்க கிரிக்கெட் மட்டும்தான்." ரெண்டுமே முழு பதில் இல்லைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு பார்க்கணும்னா முதல்ல இந்தப் போட்டி எப்படி நடக்குதுன்னு தெரியணும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆசிய கோப்பைன்னா என்ன?

ஆசியாவின் ஆண்கள் தேசிய அணிகளுக்கான சாம்பியன்ஷிப் இது. 1960-ல் மணிலாவில் ஆரம்பிச்சது, முதல் கோப்பையை பிலிப்பைன்ஸே ஜெயிச்சது. ரொம்ப வருஷம் 'ஆசிய சாம்பியன்ஷிப்'னுதான் பேரு. 2017-ல்தான் 'ஆசிய கோப்பை' ஆச்சு. அதே வருஷம் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ளே வந்தாங்க. 2017, 2022, 2025 மூணு முறையும் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குத்தான். 2025 ஃபைனல்ல சீனாவை 90-89-ன்னு ஒரே ஒரு பாயின்ட்ல ஜெயிச்சாங்க.

மொத்தம் 16 அணிகள், நாலு நாலா நாலு குழு. குழுவில் முதலிடம் பிடிச்சா நேரா கால் இறுதி. ரெண்டாவதும் மூணாவதும் வந்தவங்க இன்னொரு மேட்ச் ஆடி கால் இறுதிக்கு வரணும். நாலாவது வந்தா வீட்டுக்கு.

இந்தியா எங்க இருக்கு? இதுவரை நமக்குக் கிடைச்ச சிறந்த இடம் நாலாவது. 1975-ல், பாங்காக்கில். அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸிலும் இந்திய ஆண்கள் அணி ஆடியிருக்கு. பல நாடுகள் அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணிச்சதால கிடைச்ச வாய்ப்பு அது. 12 அணிகளில் 12-வது இடம். உலகக் கோப்பைக்கு இந்தியா ஒரு தடவைகூட தகுதி பெற்றதில்லை.

இப்ப ஜெத்தா 2025. நம்ம குழுவில் சீனா, ஜோர்டான், சவுதி அரேபியா. மூணு மேட்ச், மூணும் தோல்வி. பேப்பர்ல ஒரு வரியில் முடிஞ்சுபோன செய்தி. ஆனா ஜோர்டான் மேட்ச்சைப் பார்த்தவங்களுக்கு அது ஒரு வரிச் செய்தி இல்லை. ஜோர்டான் 2023 உலகக் கோப்பையில் ஆடிய அணி. அவங்களோட 40 நிமிஷம் சரிசமமா நின்னு, ஆட்டத்தை எக்ஸ்ட்ரா டைமுக்குக் கொண்டுபோய், கடைசியில் 84-91-ன்னு தோத்தோம். அடுத்த மேட்ச்ல சீனாவிடம் 69-100.

இந்த ரெண்டு ஸ்கோரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. திறமையே இல்லாத அணி ஜோர்டானோட எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போகாது. அப்போ சிக்கல் வேற எங்கயோ இருக்கு.

வாசல் நம்ம ஊர்லயே திறந்தது

2017 நவம்பரில் இருந்து ஃபிபா ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி தகுதிச் சுற்றெல்லாம் ஏதோ ஒரு ஊர்ல மொத்தமா ஒரு வாரத்துல முடிஞ்சிடும். இப்போ 'விண்டோ' முறை. வருஷத்துல சில குறிப்பிட்ட நாட்களை ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்த நாட்களில் ஒவ்வொரு அணியும் ஒரே எதிராளியோட தன் ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணுன்னு ஆடணும்.

இதனால நமக்கு என்ன லாபம்? 2024 நவம்பரில் இந்த ஆசிய கோப்பைக்கான தகுதி மேட்ச் ரெண்டு சென்னையில், பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் நடந்துச்சு. தாம்பரத்துல பீச் டிரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். கூடுவாஞ்சேரியோ பல்லாவரமோ, எங்க இருந்தாலும் ஒரே டிரெயின்தான். முதல் மேட்ச்ல கத்தாரிடம் தோல்வி. மூணு நாள் கழிச்சு கஜகஸ்தானை 88-69-ன்னு ஜெயிச்சோம்.

அந்த 19 பாயின்ட் வித்தியாசம் சும்மா அழகுக்கு இல்லை. கூடைப்பந்துல ரெண்டு அணிகள் சமமா முடிச்சா, அவங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த மேட்ச்களோட முடிவும் பாயின்ட் வித்தியாசமும்தான் யார் மேலே போறாங்கன்னு முடிவு பண்ணும். அதனாலதான் ஜெயிச்சது உறுதியான பிறகும் கடைசி நிமிஷம் வரைக்கும் விடாம ஆடுவாங்க. குழுவில் மூணாவதா முடிச்ச இந்தியாவுக்கு இன்னொரு சான்ஸ் கிடைச்சது. 2025 மார்ச்ல பஹ்ரைனுக்குப் போய், பஹ்ரைனையும் ஈராக்கையும் ஜெயிச்சு ஜெத்தாவுக்கு டிக்கெட் வாங்கினோம்.

போற வழியில ஒரு குட்டி வரலாறு. அதே டிரெயின்ல சைதாப்பேட்டையைத் தாண்டும்போது, பக்கத்துல நந்தனத்துல ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இருக்கு. 1920-ல் அதை ஆரம்பிச்சவர் ஹாரி க்ரோ பக். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ கல்லூரியில் படிச்சவர். 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடிச்சதும் அதே கல்லூரியிலதான். அதாவது, இந்த ஆட்டம் பிறந்த இடத்துக்கும் நம்ம சைதாப்பேட்டைக்கும் நூறு வருஷத்து உறவு இருக்கு. "கூடைப்பந்து நமக்குப் புதுசு"ன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

ஹைட்தான் பிரச்சினையா?

ஹைட் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பஞ்சாப்ல இருந்து வந்த சத்னாம் சிங் ஏழடிக்கும் மேல உயரம். 2015-ல் என்பிஏ டிராஃப்ட்ல டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. டிராஃப்ட் ஆன முதல் இந்தியர் அவர்தான். ஆனா என்பிஏவில் ஒரு மேட்ச்கூட ஆடலை. உயரம் கதவைத் தட்டும், உள்ளே உட்கார வைக்காது.

எதிர்ப்பக்கம் ஜப்பானைப் பாருங்க. யூகி கவாமுரான்னு ஒரு பாயின்ட் கார்டு. உயரம் 172 சென்டிமீட்டர். நம்ம ஆபீஸ்ல லிஃப்ட்டுல பக்கத்துல நின்னா கவனிக்கவே மாட்டீங்க. 2023 உலகக் கோப்பையில் ஃபின்லாந்துக்கு எதிரா ஜப்பான் 18 பாயின்ட் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எழுந்து 98-88-ன்னு ஜெயிச்சாங்க. கவாமுரா மட்டும் 25 பாயின்ட். அந்தப் போட்டியில் ஜப்பான் மூணு மேட்ச் ஜெயிச்சு, ஆசியாவின் சிறந்த அணியா பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போச்சு.

அதே ஜப்பான் 2019 உலகக் கோப்பையில் அஞ்சு மேட்ச் ஆடி அஞ்சும் தோத்த அணி. இன்னும் கொஞ்சம் பின்னாடி, 2014-ல், ஃபிபா அவங்களை சஸ்பெண்டே பண்ணிச்சு. நாட்டுக்குள்ள ரெண்டு லீக் தனித்தனியா போட்டி போட்டுக்கிட்டு இருந்ததுதான் முக்கியக் காரணம். அதைச் சரிபண்ணி 2016-ல் ஒரே லீகா 'பி.லீக்' ஆரம்பிச்சாங்க. ஏழே வருஷத்துல ஒலிம்பிக்ஸ் இடம்.

இன்னொரு தேதி சொல்றேன். பிலிப்பைன்ஸ்ல ஆசியாவின் முதல் புரொஃபஷனல் லீக் ஆரம்பிச்சது 1975-ல். நாம ஆசியாவில் நாலாவது வந்த அதே வருஷம். அதுக்கப்புறம் சீனா 1995-ல், கொரியா 1997-ல் லீக் ஆட ஆரம்பிச்சாங்க. நாம?

பேங்க் வேலையும் பந்தும்

நாம வேற ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம், இன்னமும் வச்சிருக்கோம். சென்னையில் பெரிய கூடைப்பந்து அணிகள் எதுன்னு கேட்டா, இந்தியன் பேங்க், ஐஓபி, வருமான வரித்துறை, கஸ்டம்ஸ், ஐசிஎஃப்னுதான் சொல்வாங்க. நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. வேலை கிடைச்சா அந்த அணிக்கு ஆடலாம்.

இதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது. இந்த ஏற்பாடு இல்லைன்னா இந்திய கூடைப்பந்து எப்பவோ காணாமல் போயிருக்கும். எத்தனையோ குடும்பத்துல முதல் நிரந்தரச் சம்பளம் இந்தப் பந்தாலதான் வந்திருக்கு.

ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல எங்க ஹாஸ்டல் ரூம்மேட் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஆறடி மூணு அங்குலம். காலையில அஞ்சு மணிக்கு கோர்ட், ஒன்பது மணிக்கு கிளாஸ், சாயங்காலம் மறுபடியும் கோர்ட். ஃபைனல் இயர்ல அவன் எதிர்பார்த்த பேங்க் டிரையல்ல அவன் ஆடுற பொசிஷனுக்கு இடமே காலி இல்லை. "மச்சி, 22 வயசுல ரிட்டயர் ஆயிட்டேன்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். இப்போ சிறுசேரியில டெஸ்டிங் வேலை. நல்லா இருக்கான், சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா ஜப்பான்ல பிறந்திருந்தா அவன் முன்னாடி மூணு டிவிஷன் லீக் இருந்திருக்கும். இங்க அவன் முன்னாடி இருந்தது ஒரு சில வேக்கன்சி.

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். நமக்குக் குறைவா இருக்கிறது ஆள் இல்லை, மேட்ச். ஒரு லீக் ஆட்டக்காரர் சீசன் முழுக்க, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு கடுமையான மேட்ச் ஆடுறார். கடைசி ரெண்டு நிமிஷம், மூணு பாயின்ட் வித்தியாசம், கூட்டம் கத்துது, ஷாட் கிளாக்ல நாலு செகண்ட் பாக்கி. இந்தச் சூழ்நிலையை அவர் வருஷத்துக்குப் பல தடவை பார்க்கிறார். நம்ம ஆட்டக்காரர் நிறைய டோர்னமென்ட் ஆடினாலும், இந்த லெவல் அழுத்தம் விண்டோ வரும்போதுதான் கிடைக்குது. நம்ம பாஷையில சொல்றதுன்னா, லோடு டெஸ்ட்டே பண்ணாம நேரா புரொடக்‌ஷனுக்கு அனுப்புற மாதிரி. கோடு தப்பா இருக்கணும்னு அவசியமே இல்லை, லோடு ஏறும்போது கிராஷ் ஆகும்.

நடுவுல முயற்சி நடக்காம இல்லை. 2015 வாக்குல யுபிஏ லீக் வந்தது, சென்னை ஸ்லாம்னு நமக்கும் ஒரு அணி இருந்தது. சில சீசன்ல நின்னுபோச்சு. பிறகு ஐஎன்பிஎல்ல சென்னை ஹீட் வந்தது. தொடங்குறது கஷ்டம் இல்லை, பத்து வருஷம் நிறுத்தாம நடத்துறதுதான் கஷ்டம்.

வெளியில இருந்து ஒருத்தரைக் கொண்டுவரலாமே?

இதுவும் நிறைய பேர் கேட்கிற கேள்வி. ஃபிபா விதிப்படி, 16 வயசுக்கு மேல ஒரு நாட்டுக் குடியுரிமை வாங்கினவர் ஒருத்தரை மட்டும் 12 பேர் அணியில் வச்சுக்கலாம். ஆசியாவில் பல அணிகள் இதைப் பயன்படுத்துறாங்க. பிலிப்பைன்ஸுக்கு 2025-ல் ஆடின ஜஸ்டின் பிரவுன்லீ அமெரிக்காவில் பிறந்தவர்.

நம்ம சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்காது. ஓசிஐ கார்டு வச்சிருக்கிறவங்க இந்தியாவுக்கு ஆட முடியாது. அதனால எதிரணி தன்னோட ஒரு பெரிய ஓட்டையை வெளியாளை வச்சு அடைக்கும்போது, நாம 12 பேரையும் இங்கேயே வளர்த்தாகணும். இது ஒரு சுமைதான். ஆனா அதே காரணத்துக்காக லீக் நமக்கு இன்னும் அவசியம்.

அடுத்து என்ன?

ஜெத்தாவுல ஆடின 16 அணிகளும்தான் கத்தாரில் நடக்கப்போற 2027 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆடுறாங்க. நாலு குழு, ஆளுக்கு ஆறு மேட்ச், மூணு இங்க, மூணு வெளியில. குழுவில் முதல் மூணு இடம் அடுத்த சுற்றுக்கு. நம்ம குழுவில் லெபனான், கத்தார், சவுதி அரேபியா. அப்போ நம்ம இலக்கு "உலகக் கோப்பை"ன்னு பெரிசா எழுத வேண்டாம். கடைசி இடத்துக்கு வராம இருக்கணும், அவ்வளவுதான். கேட்க சின்னதா இருக்கும். ஆனா மூணாவது வந்தா இன்னும் பல பெரிய மேட்ச் கிடைக்கும். நமக்குத் தேவையே அதுதானே.

2025 ஜெத்தா அணியில் நம்ம தமிழ்நாட்டு முயின் பெக் ஹஃபீஸ் ஆடினார். நேரு ஸ்டேடியத்துல கஜகஸ்தானை ஜெயிச்சப்பவும் அவர் இருந்தார். ஹோம் மேட்ச்னா உண்மையில என்னன்னு கேட்டா, எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது ரிங்குக்குப் பின்னாடி இருக்கிற சீட் நிறைஞ்சிருக்கணும். அது எந்த ஃபெடரேஷனும் கொடுக்க முடியாத விஷயம். நாமதான் கொடுக்கணும்.

அதனால அடுத்த தடவை சென்னையில மேட்ச்னு அறிவிப்பு வந்தா, ஃபிபா சைட்ல தேதியைப் பார்த்து வச்சுக்கோங்க. உங்க ஏரியா கோர்ட்ல ஆடுற பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. முன்னாடி போயிட்டீங்கன்னா வார்ம் அப் பார்க்கலாம், அதுவே தனி கிளாஸ்.

அந்த வாய்ஸ் நோட் அனுப்பின நண்பருக்கு என் பதில்: 12 பேர் தேறியிருக்காங்க ப்ரோ. அவங்களுக்கு ஆட மேட்ச் வேணும், பார்க்க ஆள் வேணும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.