கல்லூரி வளாகத்தில் மாணவருக்கு உள்ள உதவிகள்: யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் கேட்பது

ராகிங் தடுப்புக் குழு, உள்ளகப் புகார்க் குழு, மாணவர் குறைதீர்க் குழு, சம வாய்ப்பு மையம், மனநல ஆலோசகர், உதவித்தொகைப் பிரிவு ஆகியவை இந்தியப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மனம் வைத்துச் செய்து தரும் சலுகைகள் அல்ல. சட்டங்களும், யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. பெரும்பாலான கல்லூரிகளில் பெயரளவுக்கேனும் இவை இருக்கும். முதல்வர் அறைக்கு வெளியே மாட்டிய பலகையில் உறுப்பினர் பெயர்களும் இருக்கும். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், இன்னொருவர் மாறுதலில் போயிருப்பார். சிக்கல் வந்ததும் மாணவர் தேடிப் போவது தெரிந்த வகுப்பாசிரியரையோ எச்.ஓ.டி.யையோதான். அவர் "பார்த்துக்கலாம்ப்பா" என்பார். நாள் ஓடிவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் விதிகளில் கெடு உண்டு. வாயால் சொன்ன புகாருக்குப் பெரும்பாலும் அந்தக் கெடு தொடங்குவதே இல்லை.

ஆகவே எந்த உதவியானாலும் முதல் வேலை எழுதிக் கொடுப்பதுதான். கடிதத்தில் பெறுநராகக் குழுத் தலைவரின் பதவியைக் குறிப்பிட வேண்டும். நடந்தது என்ன, எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் பார்த்தார்கள், என்ன தீர்வு வேண்டும் என்பவை இருந்தால் போதும். உணர்ச்சிகரமான வாசகங்கள் தேவையில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியுடன் முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் பெற்றதற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம், கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். "முறைப்படி எச்.ஓ.டி. வழியாகத்தான் வர வேண்டும்" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். எச்.ஓ.டி. மீதே புகார் இருக்கும்போது அவர் கையொப்பம் வாங்கி வரச் சொல்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

ராகிங் விஷயத்தில் தமிழ்நாடு மத்திய விதிகளுக்கு முன்பே விழித்துக்கொண்டது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலை செய்யப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியில் சேரவும் தடை என்பவை அதன் கூறுகள். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராகவே அந்தச் சட்டம் கருதுகிறது. ராகிங் தடுப்பு பற்றி ஆராய்ந்த ஆர்.கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு 2009-இல் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறை, குற்றம் நடந்ததாகத் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்யும் பொறுப்பை நிறுவனத் தலைவர் மீது சுமத்துகிறது. "உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அடித்தால் மட்டுமே ராகிங் என்பது பரவலான தவறான எண்ணம். சீனியரின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும், கேன்டீன் செலவை ஜூனியர் தலையில் கட்டுவதும், வாட்ஸ்ஆப் குழுவில் கேவலப்படுத்துவதும் 2009 விதிகளின் வரையறைக்குள்ளேயே அடங்கும். சாதி, மதம், நிறம், தோற்றம், பாலினம் ஆகியவற்றை வைத்துச் செய்யும் சீண்டல்களை 2016 திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது. 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெயரை வெளியிட விரும்பாதவரும் அதில் பேசலாம். குற்றவாளி யார் என்று அடையாளம் காண முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கவும் விதி இடம் தருகிறது. நிர்வாகங்கள் இதை எளிய வழியாகப் பிடித்துக்கொண்டு, விசாரணை செய்யாமலே ஒரு தளத்து மாணவர் அனைவரையும் விடுதியிலிருந்து வெளியேற்றினால், அதை எதிர்த்தும் மாணவர்கள் குறைதீர்க் குழுவுக்குப் போகலாம்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கென்று தனி வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் 2015-ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. அமைக்காத நிறுவனத்துக்குச் சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குழுத் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனம் போன்ற வெளி அமைப்பிலிருந்து ஒருவர் வேண்டும். மாணவர் தொடர்பான விவகாரமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே கூடாது. நடைமுறையில் அதிகம் மீறப்படுவது இந்தக் கடைசி விதிதான். புகார் கொடுப்பவர் பட்டியலை வாங்கிப் பார்த்து, நிர்வாகப் பதவியில் இருப்பவர் யாரேனும் குழுவில் இருந்தால் புகாரிலேயே ஆட்சேபத்தைப் பதிவுசெய்வது நல்லது.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுதும் நிலையில் இல்லையென்றால் நண்பரோ உறவினரோ உடன் படிப்பவரோ அவர் சார்பில் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை பத்து நாளில் வர வேண்டும். அதன் மீது 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். இடைக்காலப் பாதுகாப்பையும் கேட்டுப் பெறலாம். புகாருக்கு ஆளானவர் புகார்தாரரின் விடைத்தாளையோ ஆய்வேட்டையோ மதிப்பிடாமல் தடுப்பது, வேறு பிரிவுக்கு மாற்றுவது, மூன்று மாதம் வரை விடுப்பு தருவது எல்லாம் விதியில் உள்ளன. கைடின் ஒரு கையொப்பத்தில் ஐந்து ஆண்டு உழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும் முனைவர் பட்ட மாணவிக்கு இந்த முதல் ஏற்பாடே உயிர்நாடி. புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே புகார்தாரர் மீது நடவடிக்கை எடுக்கக் காரணமாகாது. ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படக்கூடும் என்பதை 2015 ஒழுங்குமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

புகார் நிறுவனத் தலைவர் மீதோ தாளாளர் மீதோ இருந்தால் மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவை அணுகலாம். குற்றம் கடுமையானதானால் வளாகக் குழுவின் முடிவுக்குக் காத்திருக்காமல் காவல் நிலையத்துக்குப் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கத் தடையில்லை. முதலாண்டு மாணவிகளில் 17 வயதினரும் உண்டு. அவர்கள் பாதிக்கப்பட்டால் பொருந்துவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்த ஆசிரியரும் குற்றவாளியாவார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

கட்டணம், சான்றிதழ், தேர்வு முடிவு, உதவித்தொகை போன்ற அன்றாடத் தொல்லைகளுக்கு 2023-ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையின்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழுவை அணுக வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ இப்பொறுப்பில் இருப்பார்; அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் மறுமதிப்பீடு கேட்டு அவரிடம் போக முடியாது. முறைகேடோ பாகுபாடோ குறிப்பாகக் காட்ட வேண்டும். ஆனால் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை வேறு வழியில் கிடைக்கிறது. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தகவலே என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

பாதியில் படிப்பை விட்டுப் போகும் மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்ச ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்பது நெடுநாள் வழக்கம். சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும், அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதமும், தேதி முடிந்த 15 நாளுக்குள் 80 சதவீதமும், 30 நாளுக்குள் பாதியும் திரும்ப வேண்டும் என்றும் அது வகுத்தது. முழுக் கட்டணம் திரும்பும்போது அலுவலகச் செலவுக்காக ஐந்து சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடைக்காது என்பதால், முடிவெடுத்த அன்றே விலகல் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அழைப்பதும், "கோட்டாவில் வந்தவன்" என்று மார்க்குக்குக் காரணம் சொல்வதும் பாகுபாடே என்கிறது 2012-ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறை. சம வாய்ப்பு மையமும், பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். புகார் மீது 60 நாளில் முடிவு வேண்டும். இழிவுபடுத்தல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருமானால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் குறைந்தது ஐந்து சதவீத இடமும் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் தருகிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக எழுதுபவரை மறுக்கக் கூடாது என 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடுவதைவிடப் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பம் கொடுப்பது பயன் தரும்.

மனநல உதவி நீண்ட காலம் வளாகங்களில் ஊறுகாய் போலத்தான் இருந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆங்கில ஆசிரியருக்கே "கவுன்சிலர்" என்று கூடுதல் பொறுப்பு எழுதிவைப்பது இதை நிறைவேற்றாது. ஆலோசகரிடம் சொன்னது வகுப்பாசிரியருக்கோ வீட்டுக்கோ போய்விடும் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. சிகிச்சைத் தகவலின் ரகசியத்தை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாக்கிறது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலை போன்றவற்றுக்கே விலக்கு. வளாகத்தில் பேச மனமில்லாதவர் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல சேவையை எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அரியர் விழுந்தவர், விடுதி அறையை விட்டு வெளியே வராதவர், உடைமைகளை நண்பர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியவர் என யாரையாவது கண்டால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அறைத்தோழர் தயங்காமல் அவரிடமே நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது உண்மையல்ல.

பண உதவியில் தமிழ்நாட்டு மாணவர் இழப்பது பெரும்பாலும் தகுதியின்மையால் அல்ல, வங்கிக் கணக்கால்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் இருந்தாலோ, மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் தளத்தில் பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தாலோ தொகை நின்றுவிடும்; அதைச் சரிசெய்ய வேண்டியவர் கல்லூரியின் பொறுப்பு அலுவலர். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். தொகை வரும் வரை கட்டணம் கட்டச் சொல்லி ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் குறைதீர்க் குழுவிலும், 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண்ணிலும் புகார் தரலாம்.

வளாகத்தின் எல்லாப் படிகளும் ஏறியும் பயனில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும், பட்டியலினத்தவரும், பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமானம் எவ்வளவாயினும் அதைப் பெறலாம். மற்றவருக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்கலாம். கல்லூரியில் முத்திரை வாங்கி வைத்த அந்தப் பிரதியையும் அங்கே கொண்டுபோக வேண்டும்.