பழைய ஜீப் செரோக்கியின் சஸ்பென்ஷனை உயர்த்துதல்

அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரையிலான மாடல்களாக வந்த எக்ஸ்ஜே வகை ஜீப் செரோக்கியைக் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோர், அதன் சஸ்பென்ஷனைச் சுமார் 3 அங்குலம் உயர்த்துவது வழக்கம்.

இவ்வண்டிக்கு முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் பட்டை ஸ்பிரிங். பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டைகள் வளைவு குறைந்து தட்டையாகிவிடும். அவ்வாறு பின்புறம் தாழ்ந்த வண்டிக்குப் புதிய பட்டைகள் போட்டாலே இழந்த உயரம் திரும்பும். எனவே முதலில் உயரத்தை அளந்து பார்ப்பதே முறை.

சஸ்பென்ஷனை உயர்த்தினால் வண்டியின் உடற்பகுதி மட்டுமே மேலே செல்லும். அச்சும் அதில் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியலும் இருந்த உயரத்திலேயே இருக்கும். பாறையில் இடிபடுவது பெரும்பாலும் அந்தப் புடைப்புதான். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால், விட்டத்தில் கூடியதில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலம் கிடைக்கும். அந்த டயர் உடற்பகுதியில் உரசாதிருக்கவே சஸ்பென்ஷனை உயர்த்த வேண்டியுள்ளது.

உயர்த்தியபின் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடுவதால் அதிர்வு வரலாம். பிரேக் குழாயின் நீளம் போதாமல் போகலாம். முன் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார், அச்சை ஒருபுறமாக நகர்த்திவிடும். வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது ஸ்டீயரிங் உதறல். தேய்ந்த இணைப்புகளை மாற்றாமல் உயர்த்திய வண்டி, வேகமாகச் செல்கையில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்தாலும் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் ஆடக்கூடும். வேகத்தைக் குறைத்தால்தான் அது அடங்கும். மண்சாலைப் பயணத்துக்கு நல்ல டயரும் புதிய ஷாக் அப்சார்பரும் போதும்.