இறுக்கத்தில் நிற்கும் சக்கரம்

சின்ன காஞ்சிபுரத்தின் நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அது ஒரு பழைய சைக்கிள் சக்கரமே. கைப்பிடியை முன்னே சுற்றினால் சக்கரம் முன்னே சுற்றும். பின்னே சுற்றினால் பின்னே சுற்றும். வேகமாக ஓடும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் சக்கரமும் நின்றுவிடும். வாசலில் சாய்த்து வைத்திருக்கும் மிதிவண்டி அப்படிப்பட்டதன்று. நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் அதன் சக்கரம் 'கிடுகிடு'வென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்சக்கரத்தில் உள்ள பிரீவீலின் உள்ளே சிறு நாக்குகள் பற்களின்மேல் வழுக்கிச் செல்லும் ஓசை அது.

பிரீவீலை எடுத்துவிட்டு, ஹப்போடு அசையாமல் சேர்ந்த பல்சக்கரம் ஒன்றைப் பொருத்தினால் மிதிவண்டியும் ராட்டினம் ஆகிவிடும். சக்கரம் சுற்றும் வரை மிதிகளும் சுற்றும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி வேகம் தணியும். ஓட்டப்பந்தய வட்டரங்குகளில் ஓடும் வண்டிகள் எல்லாம் இவ்வகையே. 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டின் மிதிவண்டிப் போட்டிகளில் வட்டரங்கில் ஓடியவையும் இவைதாம். இப்போது நகரங்களில் இளைஞர் சிலர் சாலையிலும் இவற்றை ஓட்டுகின்றனர். அத்தகைய வண்டியை அமைக்க இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று சக்கரம் கட்டுதல். மற்றொன்று பல்சக்கரத்தைப் பொருத்துதல். இரண்டுக்கும் அடிப்படையான இயற்பியல் ஒன்றே என்பதுதான் வியப்பு.

முதலில் சக்கரம். மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் அடியிலுள்ள ஆரக்கால்மீது இறங்குகிறது. அது ஒரு தூணைப்போல் நின்று தாங்குகிறது. மிதிவண்டியின் போக்ஸ் கம்பியோ 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அதைத் தூணாக நிறுத்தி அழுத்திப் பாருங்கள், வளைந்துவிடும். பட்டு நூலைப் போலவே அதற்கும் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அப்படியானால் பாரத்தை எப்படித் தாங்குகிறது?

நெசவாளர் பாவை நீட்டித் தறியில் இழுத்துக் கட்டிய பிறகே நெய்யத் தொடங்குகிறார். தளர்ந்த பாவில் ஊடை நிற்காது. சக்கரத்திலும் அப்படியே. நன்கு கட்டிய பின்சக்கரத்தில், ஆள் ஏறுவதற்கு முன்பே, ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுக்கப்பட்டிருக்கும். ஆள் ஏறியதும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே உள்ள மூன்று நான்கு கம்பிகளில் இந்த இழுவிசை குறைகிறது. மற்றக் கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிதே. குறைந்த அளவுதான் ஏறத்தாழ நாம் ஏற்றிய பாரம்! ஹப், மேலுள்ள கம்பிகளில் தொங்குகிறது என்றே பலரும் எண்ணிவந்தனர். உண்மையை ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். முன்கூட்டிய இறுக்கம் போதாவிட்டால் அடிக்கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் தளரும். நிப்பிள் தானே கழன்றுகொள்ளும். கம்பி அதன் முழங்கைப் பகுதியில் களைப்புற்று முறியும். பாரம் ஏற்றும் வண்டிகளில் கம்பி அடிக்கடி முறிவது பெரும்பாலும் பாரத்தால் அன்று, தளர்ச்சியால்.

இந்த 100 கிலோ இழுவிசையை ஏற்ற எவ்வளவு திருக வேண்டும்? 30 செ.மீ. நீளமுள்ள எஃகுக் கம்பி அந்த விசையில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். (யங் குணகம் படித்த மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.) நிப்பிளின் மரை அங்குலத்துக்கு 56; அதாவது ஒரு சுற்றுக்கு 0.45 மி.மீ. ரிம் சற்றும் உள்வாங்காது என்று கொண்டால், தளர்ச்சி நீங்கிய பின் ஒரே ஒரு சுற்றுத்தான்! உண்மையில் ரிம் சிறிது உள்வாங்குவதால் இன்னும் கொஞ்சம் திருக வேண்டியிருக்கும். ஆகவேதான் கோட்டம் எடுப்பவர் எல்லாக் கம்பிகளையும் கால் சுற்று, அரைச் சுற்றாகவே ஏற்றிவருகிறார். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. இழுவிசையைக் காது சொல்லும். கம்பியை விரலால் தட்டினால் எழும் அதிர்வெண் இழுவிசையின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விசை நான்கு மடங்கானால்தான் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதி பேசும்வரை சரிசெய்க. இறுதியில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். முறுக்கிக்கொண்டிருக்கும் கம்பிகள் 'டிக் டிக்' என்று விடுபடும். அதன்பின் மறுபடியும் கோட்டம் பார்க்க வேண்டும்.

கம்பிகள் ஹப்பின் மையத்திலிருந்து நேராக வெளியே ஓடாமல் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். இம்முறைக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். பாதிக் கம்பிகள் முன்சாய்வு, பாதி பின்சாய்வு. மிதிக்கும்போது ஒரு பாதி சற்று இறுகுகிறது, மறுபாதி தளர்கிறது. நம் வண்டியிலோ மிதியைப் பின்னோக்கி அழுத்தும்போது இவை பங்கை மாற்றிக்கொள்கின்றன. ஆதலால் இரு பாதிக்கும் ஒரே இறுக்கம் தேவை.

இனிப் பல்சக்கரம். அது ஹப்பின் மரையில் திருகப்படுகிறது. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி முன்னேறும்போது சக்கரம் கடிகாரமுள் செல்லும் திசையில் சுற்றும், மரையும் வலப்புரி. எனவே மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் தானே இறுகும். எவ்வளவு? 60 கிலோ எடையுள்ளவர் 17 செ.மீ. மிதிக்கை ஒன்றின்மேல் எழுந்து நின்றால் திருப்புத்திறன் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் ஹப்பை அடைவது சுமார் 41. இதே மனிதர் பின்னோக்கி முழு எடையையும் அழுத்தினால் அதே 41 கழற்றும் திசையில் வேலை செய்யும். மரையின் சரிவு காரணமாக, இறுக்கியதைக் காட்டிலும் குறைந்த திருப்புத்திறனே கழற்றப் போதும். ஆகவே மிதித்து இறுகியதை மட்டும் நம்புவது ஆபத்து. பல்சக்கரம் கழன்று சுற்றினால் மிதி காற்றில் சுற்றும். வேகத்தைத் தணிக்க வழியில்லை.

பழைய பிரீவீல் ஹப்பிலேயே பல்சக்கரத்தைத் திருகிவிட்டுத் தெருவில் இறங்கும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இவ்வண்டிக்கென்றே செய்த ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு: பல்சக்கரத்துக்கு 1.37 அங்குல வலப்புரி, அதற்கு வெளியே 1.29 அங்குல இடப்புரி. இரண்டாவதில் பூட்டு வளையம் திருகப்படும். பல்சக்கரம் கழல முயன்றால் உராய்வால் வளையத்தையும் தன்னோடு அதே திசைக்கு இழுக்கும். அந்தத் திசை வளையத்துக்கு இறுகும் திசை! பிரீவீல் ஹப்பில் இந்த இரண்டாம் மரை இல்லை.

பொருத்தும் முன் மரைகளை மண்ணெண்ணெயில் துடைத்துக் கிரீஸ் தடவுக. முதலில் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மரை விழும் இடத்தில் ஒரு சிறு 'டக்' உணரலாம். அங்கிருந்து முன்னோக்கிக் கையாலேயே சுற்ற வேண்டும். பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். பிரெஞ்சு அளவில் செய்த பல்சக்கரம் 34.7 மி.மீ.; நம்முடையது 34.8. வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் அலுமினிய ஹப்பின் மரையை அழிக்க அது போதும்.

கையால் முழுவதும் ஏறியபின் பழைய செயின் துண்டு ஒன்றைப் பல்சக்கரத்தில் சுற்றி, மறுமுனையைச் சட்டத்தில் துணி சுற்றிய இடத்தில் மாட்டி நிறுத்துங்கள். பிறகு சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்புக. 35 செ.மீ. ஆரமுள்ள டயரின் விளிம்பில் 20 கிலோ எடையளவு விசை கொடுத்தால் சுமார் 69 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். மிதித்துக் கிடைக்கும் 41-ஐ இது எளிதில் வெல்கிறது. ஆள் ஏறுமுன்பே கம்பிகளை இழுத்துவைத்தோம். மிதிக்குமுன்பே பல்சக்கரத்தை இறுக்கிவைக்கிறோம். பின் பூட்டு வளையம். செயினை நடுவில் ஒரு செ.மீ. அளவு மேலும் கீழும் ஆடும்படி விடுக.

இத்தனையும் செய்தாலும் முன் பிரேக்கைக் கழற்ற வேண்டாம். வேகம் தணியும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால், பின்சக்கரம் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 2.5 மீட்டருக்கு மேல் வேகத்தைக் குறைக்காது. மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க அதற்கு 6 மீட்டர் வேண்டும்; முன் பிரேக் சேர்ந்தால் 3 மீட்டரில் நிற்கலாம். தெருவின் குறுக்கே பாவு நீட்டியிருக்கும் காலை நேரத்தில் அந்த 3 மீட்டர் சிறிய தூரமன்று. முதல் நாள் ஓட்டி முடித்ததும் பூட்டு வளையத்தை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சிறிது நகரும்.