பொருள்களை வலையமைப்பில் இணைக்கும் பயிற்சிக் கருவி

ஆற்றின் நீர்மட்டத்தையோ களஞ்சியத்தின் வெப்பநிலையையோ அளக்கும் சிறு கருவி, கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாகத் தானே செய்தியனுப்புதல் இன்று கைகூடியுள்ளது. இத்தகைய கருவிகளுக்கென எல்.ரி.ஈ.-எம், என்.பி.-ஐ.ஓ.ரி. என்னும் இரு முறைகள் 2016ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டன. இவற்றைப் பயில்வோர்க்கென நோர்வே நாட்டு நோர்டிக் நிறுவனம் ஆக்கியவற்றுள் ஒன்று என்.ஆர்.எப். 9160 பயிற்சிக் கருவியாகும்.

முதற்கண் சிம் அட்டையைப் பொருத்தல் வேண்டும். அவ்வட்டை செல்லுபடியாகும் வலையமைப்பொன்று, மேற்கூறிய முறைகளுள் ஒன்றையேனும் அவ்விடத்தில் வழங்குதல் இன்றியமையாதது. பின்னர்க் கருவியை யூ.எஸ்.பி. வடத்தாற் கணனியோடு இணைத்து, மொடத்திற்கு எழுத்துருவில் ஆணைகளை அனுப்பலாம். முதலாணை மொடத்தை இயக்கும். அடுத்த ஆணை பதிவுநிலையை வினாவும். விடை 1 எனின் தன் வலையமைப்பிலும், 5 எனின் பிறர் வலையமைப்பிலும் பதிவாயிற்று என்பது பொருள். 2 எனின் கருவி இன்னும் தேடுகின்றது. 3 எனின் பதிவு மறுக்கப்பட்டது.

ஈண்டே பலர் பிழைபடுவர். 2 என்னும் விடையைக் கண்டு பொறுமையிழந்து, கருவியை மீளத் தொடக்கும் பொத்தானைப் பன்முறை அழுத்துவர். முறைப்படி நிறுத்தப்படாது அடுத்தடுத்து 7 முறை மீளத் தொடங்கின், மொடம் 30 நிமிடங்களுக்கு வலையமைப்போடு இணையாது. பழுதுற்ற கருவிகள் ஓயாது அழைத்து வலையமைப்பை நெருக்காவண்ணம் அமைந்த காப்பே இது. இதனையறியாதார் நல்ல கருவியையும் பழுதென ஒதுக்கிவிடுவர்.

ஆகலின், மின்னை நிறுத்துமுன் மொடத்தை நிறுத்தும் ஆணையை அனுப்புதல் முறையாகும். அவ்வேளை மொடம் தான் அறிந்தவற்றை நினைவகத்திற் பதித்துக்கொள்ளும். அடுத்தமுறை தேடுதலும் எளிதாகும். விரைவு வேண்டுவோர்க்கும் பொறுமையே குறுக்குவழி என்பதை இச்சிறு கருவி உணர்த்துகின்றது.