கீழே இறங்கினால் கரண்ட் ஏறும்!
பழைய பேட்டரி கார் வாங்குவோருக்கு போடி மெட்டுதான் பரீட்சை

தேனி நேரு சிலை பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பச்சை நம்பர் பலகை மாட்டிய கார் கண்ணில் படும். சத்தம் இல்லை. புகை இல்லை. பூனை மாதிரி வந்து கம்பம் ரோட்டில் திரும்பிப் போய்விடும்.

பேட்டரி கார்!

முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது விலை கேட்கிறார்கள். புதுக் காருக்கு அல்ல, பழைய காருக்கு. டாடாவின் நெக்சான் பேட்டரி கார் விற்பனைக்கு வந்தது 2020 ஜனவரியில். அந்தக் காலத்து வண்டிகள் இப்போது கை மாறுகின்றன. "விலை நல்லா இறங்கிருச்சு. யோசிக்காம எடுங்கண்ணே" என்பார் புரோக்கர்.

எடுக்கலாமா?

சென்னைக்காரர் கேட்டால் பதில் வேறு. கம்பம் பள்ளத்தாக்குக்காரர் கேட்டால் பதில் வேறு. இங்கே மூணாறு போனாலும் மலை. குமுளி போனாலும் மலை. கம்பம் மெட்டு போனாலும் மலைதான்!

மூன்று ரகம்

கரண்ட் கார் என்று மொத்தமாகச் சொன்னாலும் உள்ளே மூன்று ரகம் இருக்கிறது.

முழு பேட்டரி கார் ஒன்று. அதில் பெட்ரோல் டேங்க்கே கிடையாது. அடுத்தது ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மோட்டாரும் இருக்கும். ஆனால் வீட்டில் சொருகி சார்ஜ் போட முடியாது. ஓடும்போது தானே கரண்ட் எடுத்துக் கொள்ளும். டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எல்லாம் இந்த ரகம்.

மூன்றாவதுதான் பிளக் ஹைபிரிட். வீட்டுப் பிளக்கிலும் சார்ஜ் போடலாம், பங்க்கிலும் பெட்ரோல் போடலாம். பக்கத்து ஊருக்குக் கரண்ட். தூரத்து ஊருக்கு பெட்ரோல். கேட்கவே இனிக்கிறது!

சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி 2008 டிசம்பரில் இப்படி ஒரு காரை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2010-ல் செவர்லே வோல்ட் வந்தது. ஜப்பானில் டொயோட்டா பிரியஸ், மிட்சுபிஷி அவுட்லேண்டர் ஆகியவற்றின் பிளக் மாடல்கள் வந்தன.

நம் நாட்டுக்கு வந்தவை பெரும்பாலும் கோடீசுவரர்களின் கார்கள். வால்வோ எக்ஸ்.சி.90, பி.எம்.டபிள்யூ. ஐ8 மாதிரி. கடைக்காரரும் கிளார்க்கும் அதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஓடிய பழைய வண்டியை இறக்குமதி செய்யலாம் என்றால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் பழையதை விட மாட்டார்கள். வரியும் கடுமை.

இலங்கையில் கதை வேறு. ஜப்பான் வண்டிகளை வாங்கி வந்து விற்பது அங்கே பெரிய வியாபாரம். யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் என்றால் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022-ல் பெட்ரோலுக்கு மைல் கணக்கில் கியூ. கியூ.ஆர். கோடு காட்டினால்தான் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். சொந்தக் காருக்கான தடை நீங்கியது 2025 பிப்ரவரியில்தான். இருக்கும் பழைய காரையே பொன் போல வைத்துக் கொள்ள வேண்டிய காலம் அது.

ஆக, தேனிக்காரர் கைக்கு எட்டுவது பழைய முழு பேட்டரி கார்தான். ஆனால் மலை விஷயத்தில் மூன்று ரகத்துக்கும் கணக்கு ஒன்றே.

நாலு யூனிட் மலை

போடியில் இருந்து போடி மெட்டு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவு. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

ஆட்களோடு சேர்த்து கார் 1,500 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கு மட்டும் நாலு யூனிட் கரண்ட் வேண்டும். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்! டயர் உராய்வு, காற்றுத் தடை, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் மேலே போய்ச் சேர ஆறரை, ஏழு யூனிட் ஆகிவிடும்.

அந்த நாலு யூனிட் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. காரோடு மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

பெட்ரோல் கார் இறங்கும்போது அதைப் பிரேக்கில் தேய்த்துச் சூடாக்கித் தொலைக்கிறது. முந்தலுக்கு வந்து இறங்கினால் ரப்பர் கருகிய வாடை அடிப்பது அதனால்தான். பேட்டரி கார் அப்படி இல்லை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். வண்டியை இழுத்துப் பிடிக்கும். கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். நிதானமாக இறங்கினால் இரண்டு யூனிட் போல மிச்சம்.

ஏழு கொடுத்து இரண்டு வாங்குவது லாபமா என்று கேட்கலாம். பெட்ரோல் காரில் இரண்டு சொட்டுகூடத் திரும்பி வராது!

லோயர் கேம்ப்காரர்களுக்கு இது புதுசு இல்லை. குமுளி ரோட்டில் ஏறும்போது ராட்சசக் குழாய்கள் தெரிகின்றன அல்லவா? முல்லைப் பெரியாறு தண்ணீர் அந்தக் குழாயில் இறங்கித்தான் கீழே பெரியாறு மின்நிலையத்தில் கரண்ட் ஆகிறது. தண்ணீர் இறங்கினால் கரண்ட். கார் இறங்கினாலும் கரண்ட். அவ்வளவுதான் சங்கதி.

பிளக் ஹைபிரிட்டில் இது இன்னும் வேடிக்கை. பழைய பிரியஸ் பிளக் காரின் பேட்டரி மொத்தமே 4.4 யூனிட். போடி மெட்டு பாதி ஏறுவதற்குள் காலி. பிறகு எஞ்சின் விழித்துக் கொள்ளும். ஆனால் இறங்கி வரும்போது கிடைக்கும் இரண்டு யூனிட் அதற்குக் கிட்டத்தட்ட அரை பேட்டரி. தேனி டவுனில் நாள் முழுக்கச் சுற்றலாம்.

மேலே ஃபுல் சார்ஜ் ஆபத்து

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புரோக்கர் சொல்ல மாட்டார்.

போடி மெட்டிலேயே ராத்திரி தங்கி, விடிய விடிய சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு கீழே இறங்குகிறார் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? பேட்டரியில் இடம் இல்லாததால் மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறைந்துவிடும். வழக்கம்போல் காலை எடுத்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பதினேழு வளைவுக்கும் பிரேக்கே கதி.

சமதளத்தில் இது ஒரு விஷயமே இல்லை. மலையில் உயிர் விஷயம். மேலே தங்கினால் எண்பது, எண்பத்தைந்தோடு பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

காரின் வயசு அல்ல, பேட்டரியின் வயசு

பழைய பெட்ரோல் கார் வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிப் போவார்கள். பானட்டைத் திறந்து சத்தம் கேட்பார். புகையைப் பார்ப்பார். பேட்டரி காரில் கேட்கச் சத்தமும் இல்லை, பார்க்கப் புகையும் இல்லை. பெயிண்ட் பளபளக்கும். சீட் புதுசாக இருக்கும். நோய் உள்ளே இருக்கும்.

நெக்சானின் முதல் மாடலில் பேட்டரி 30.2 யூனிட். காகிதத்தில் 312 கிலோமீட்டர். புதிதாக இருக்கும்போதே ரோட்டில் 200-ஐத் தாண்டினால் பெரிது. வருடம் ஆக ஆக பேட்டரி வற்றும். ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால் 30 யூனிட், 24 ஆகிவிடும். போடி மெட்டுக்கு ஏழு போனால் மிச்சம் 17. அதற்கு மேல் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று ஏற்ற இறக்கம் இருக்கிறது. திரும்பியும் வர வேண்டும்.

சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி ஒருவர் இந்தக் காரைப் பார்க்கப் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்வளவு ஓடும் தம்பி?"

"இருநூத்தம்பது சுளையா ஓடும்ணே."

"எந்த ரோட்டுல?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வராது.

ஆகவே போடியில் நூறு சதவீதம் வைத்துக் கொண்டு மெட்டுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். முப்பது யூனிட் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கால் பங்குக்குப் பக்கத்தில் குறையும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பேட்டரி வற்றிவிட்டது என்று அர்த்தம். கம்பெனி சர்வீஸில் கருவி மாட்டி பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்கிவிடுவது இன்னும் நல்லது. "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று விற்பவர் இழுத்தால், அந்த இழுப்பிலேயே பதில் இருக்கிறது.

வாரண்டி இன்னொரு சங்கதி. அந்த நெக்சானுக்கு பேட்டரி வாரண்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 2020 வண்டி என்றால் 2028 வரை. ஆனால் கை மாறிய பிறகும் செல்லுமா, என்ன நிபந்தனை என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். வாய் வார்த்தை வேண்டாம். புது பேட்டரி போட வேண்டி வந்தால், பழைய கார் வாங்கிய காசையே விழுங்கிவிடும்.

குளித்த கார்

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், சென்னை முழுக்கத் தண்ணீர். முழுகிய கார்கள் என்ன ஆகும்? சில பழைய இரும்புக்குப் போகும். சில துடைத்து, செண்ட் அடித்து, வேறு ஊருக்கு வரும். பேட்டரி காரின் பேட்டரி இருப்பது தரைக்கு அடியில். தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான்!

கார்பெட்டைத் தூக்கி வண்டல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட் அடியில் போல்ட்டுகளில் துரு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, இதெல்லாம் காட்டிக் கொடுக்கும். வெளி மாவட்ட, வெளி மாநில வண்டி என்றால் இன்சூரன்ஸ் கிளெய்ம் பழைய கதையையும் கேட்க வேண்டும். கேரள வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே மாற்ற முடியாது. லோன் பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும்.

வீட்டு மீட்டர்

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட் போல ஆகும். இரண்டு மாதத்துக்கு 300. ஏற்கெனவே 250 யூனிட் ஓடும் வீடு என்றால் மொத்தம் 550. ஐநூறைத் தாண்டினால் மின்வாரியம் வேறு ரேட் போடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கணக்கில் இதைச் சேர்க்காமல் "கரண்ட் கார் சும்மா ஓடுது" என்பவர்கள் பில் வந்ததும் முழிக்கிறார்கள். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கும். பெட்ரோல் காருக்கு ஆறு, ஏழு ரூபாய்.

பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் சார்ஜர் கரண்ட்டை வாங்கவே மறுக்கும். பழைய வீடுகளில் கார் கெட்டுவிட்டது என்று கலங்குகிறார்கள். கெட்டது கார் அல்ல, வயரிங்!

இன்னொரு கூத்தும் உண்டு. தரைக்கு அடியில் பெரிய பேட்டரி நிறைந்து இருக்கும். வண்டி மட்டும் எழும்பாது. காரணம், முன்னால் இருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருக்கும். வீட்டையே தூக்கும் யானை, சாவி தொலைந்து கொட்டடியில் நிற்கிற கதை. அதை மாற்ற சில ஆயிரம் ரூபாய்தான். தெரியாதவர் லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டு போய்விடுவார்.

ஆரஞ்சு நிற வயரை மட்டும் உள்ளூர் மெக்கானிக் தொடக் கூடாது. அதில் முன்னூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பயிற்சி பெற்றவர் பாதுகாப்பு இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

சொருகாத பிளக்

வசதியுள்ள சிலர் பழைய பிளக் ஹைபிரிட் மீதும் கண் வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பாவில் இந்தக் கார்கள் ரோட்டில் எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன என்று, காரில் இருக்கும் கருவியை வைத்தே கணக்கெடுத்தார்கள். 2024-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. காகிதத்தில் சொன்ன புகையைவிட மூன்றரை மடங்கு வந்தது! முக்கியக் காரணம், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சொருகுவதில்லை. பெட்ரோலிலேயே ஓட்டுகிறார்கள்.

அப்படி ஓடிய காரில் எஞ்சின் தேய்ந்திருக்கும். சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயசு ஆகியிருக்கும். ஆயில் மாற்றும் செலவு ஒரு பக்கம், பேட்டரி பயம் ஒரு பக்கம். இரண்டு மாடு கட்டினால் இரண்டுக்கும் தீவனம் வைக்க வேண்டுமே.

பின்னால் டிக்கியைத் திறந்து சார்ஜர் கேபிளைக் கேட்டுப் பாருங்கள். வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தால், அந்தக் காரின் ஜாதகம் தெரிந்துவிட்டது.