மூன்றாவது ஆளைத் தொட்டால் முதல் ஆள் மாறுவது ஏன்?

ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்புறீங்க. குடும்ப உறுப்பினர் விவரம் கேட்கிறது. “உறுப்பினரைச் சேர்” பட்டனைத் தொடத் தொட, பெயர், பிறந்த தேதி, பாலினம் என்று அதே கட்டங்கள் மறுபடியும் வருகின்றன. மூன்றாவதாக மகள் பெயரைப் போட்டு, “பெண்” என்ற சொல்லைத் தொடுகிறீர்கள். ஆனால் தேர்வு மாறியதோ முதலில் உள்ள அப்பாவுக்கு! ஃபோனில் கோளாறு இல்லை, உங்க விரலும் தப்பு பண்ணலை. படிவம் எழுதப்பட்ட விதத்தில்தான் பிழை.

ஒரே கதவு எண், மூன்று வீடுகள்

இணையப் பக்கத்தில் உள்ள ஒரு கட்டத்துக்கு ‘ஐடி’ என்ற அடையாளப் பெயர் கொடுக்கலாம். “பெண்” என்ற சொல்லைத் தொட்டால் எந்த வட்டம் தேர்வாக வேண்டும் என்பதை பிரவுசர் இந்த ஐடியை வைத்தே கண்டுபிடிக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு முறைதான் வரலாம் என்பது எச்.டி.எம்.எல். விதி. ஒரே ஐடி மூன்று இடத்தில் இருந்தால், பிரவுசர் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கும் 12 என்று எண் போட்டால், தபால் எல்லாம் முதல் வீட்டுக்கே போகும் இல்லையா? அதே கதைதான்.

பார்வையற்றோருக்கு இது இன்னும் பெரிய சிக்கல். டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரை வாசிப்பான்கள் கட்டத்தின் பெயரைப் படித்துச் சொல்வதும் இந்த இணைப்பை வைத்துத்தான். அது அறுந்தால், மூன்றாவது கட்டம் பெயரா, தேதியா என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

தீர்வு என்ன?

இன்றைய படிவங்களில் ஒரு உறுப்பினருக்கான பகுதியை ஒரே முறை எழுதி, வேண்டிய தடவை பயன்படுத்துகிறார்கள். அதற்குள் ஐடியை நேரடியாக எழுதிவிட்டால், ஒவ்வொரு நகலிலும் அதே ஐடி வந்துவிடும். இதற்காகவே 2022 மார்ச்சில் வெளியான ரியாக்ட் 18-இல் ‘யூஸ்ஐடி’ என்ற வசதி வந்தது. 2024 செப்டம்பரில் வியூ 3.5-உம் இதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நகலுக்கும் தனி ஐடியை இதுவே உருவாக்கித் தரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டாவது ஆளை நீக்கினால், சில படிவங்களில் மூன்றாவது ஆளின் விவரம் காணாமல் போகும். வரிசை எண்ணையே அடையாளமாக வைத்தால் இப்படி நடக்கலாம். க்யூவில் நடுவில் ஒருத்தர் விலகினால் பின்னால் நிற்பவரின் இடம் மாறும், ஆனால் கையில் உள்ள டோக்கன் மாறாது. அப்படி மாறாத டோக்கனை ஒவ்வொரு ஆளுக்கும் தருவதுதான் சரி.

நீங்கள் செய்ய வேண்டியது

• சொல்லைத் தொட்டு வேலை செய்யாவிட்டால், பக்கத்தில் உள்ள வட்டத்தையே நேராகத் தொடுங்கள்.
• ஒருவரைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, மற்ற எல்லோரின் விவரத்தையும் மேலிருந்து ஒருமுறை பாருங்கள்.
• சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். பாலினமோ பிறந்த தேதியோ தப்பாகப் பதிவானால், திருத்தத்துக்கு மறுபடி அலைய வேண்டிவரும்.
• பிழை கண்டால் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். “படிவம் வேலை செய்யலை” என்று மட்டும் சொன்னால் போதாது. “மூன்றாவது உறுப்பினருக்குத் தொட்டால் முதல் உறுப்பினருக்கு மாறுது” என்று சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று படிவம் எழுதியவருக்கு உடனே புரியும்.