பவளத்துக்கு எத்தனை வாட்?

சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "அண்ணே, இந்த லைட் எத்தனை வாட்?" என்றுதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கேள்வியை நிதானமாகவே பிரித்துப் பார்ப்போம். கேள்வி தப்பில்லை, ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பவளத்துக்கு உதவாது.

மீன் தொட்டியில் விளக்கு நமக்காக எரிகிறது. பவளத் தொட்டியில் அதுதான் சாப்பாடு. பவளத்தின் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரரான பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. ஆழமில்லாத கடலில் வாழும் பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைகூட இந்த வழியில் வருகிறது. வெளிச்சம் போதாவிட்டால் மேலே தூவும் உணவு அந்த இடத்தை முழுதாக நிரப்பாது.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். குழல்விளக்குக் காலத்தில் 'ஒரு கேலன் தண்ணீருக்கு இத்தனை வாட்' என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் குழல்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததால் அது ஓரளவு பொருந்தியது. எல்இடி வந்தபின் அதற்குப் பொருளில்லை. லூமனும் உதவாது, அது மனிதக் கண்ணுக்காக உண்டான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில் கூர்மையாக இருக்கிறது, 450 நானோமீட்டர் நீலத்தில் மங்கிவிடுகிறது. கடல் தண்ணீரோ சிவப்பைச் சில மீட்டர் ஆழத்திலேயே விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் கீழே விடுகிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அந்த நீலத்துக்குப் பழகியது. அதனால் 'என்னங்க, வெளிச்சமே இல்லையே' என்று நாம் முகம் சுளிக்கும் நீல விளக்கில் பவளம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டிய எண்ணுக்கு பி.ஏ.ஆர். என்று பெயர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். டார்ச், ஹேமர் போன்ற பெரிய சதைக் கல் பவளங்களுக்கு 80 முதல் 150. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்குத்தான் 200-க்கு மேல், 350 வரை. உச்சி வெயில் சுமார் 2,000 என்பதை நினைவில் வைத்தால் இவை எவ்வளவு சிறிய எண்கள் என்று புரியும்.

இப்போது ஒரு பென்சில் கணக்கு. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள கனசதுரத் தொட்டி என்றால் தண்ணீர்ப் பரப்பு 0.09 சதுர மீட்டர். நல்ல நீல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமோல் தரும். கண்ணாடியிலும் லென்ஸிலும் வெளியே சிதறுவதிலும் பாதி போனதாக வைத்துக்கொள்வோம். 30 வாட் விளக்கிலிருந்து விநாடிக்கு 30 மைக்ரோமோல் உள்ளே வரும்; 0.09-ஆல் வகுத்தால் சராசரி 330. விளக்குக்கு நேர் கீழே இன்னும் கூடும். மஷ்ரூம் வளர்க்கப் போகிறவருக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்! கெசில் ஏ80 என்ற சிறிய விளக்கு 15 வாட்தான். இந்த அளவுத் தொட்டியில் மென்பவளத்துக்கு அது தாராளம். 100 வாட் பெட்டியை வாங்கிச் சின்னத் தொட்டி மேல் தொங்கவிடுகிறவர்கள் காசு கொடுத்துப் பவளத்தைப் பொசுக்குகிறார்கள் என்பதே என் எண்ணம்.

தொட்டி இரண்டடி நீளம் என்றால் கவலை வேறு. நடுவில் ஒரே பெரிய விளக்கு வைத்தால் நடுப்பகுதி கொதிக்கும், இரு முனைகளும் இருண்டு கிடக்கும். அதைவிட இரண்டு சின்ன விளக்குகள் மேல். விளக்கைத் தண்ணீருக்கு 20, 25 சென்டிமீட்டர் மேலே உயர்த்தினால் அளவு குறையும், பரவல் சீராகும். குறுகிய லென்ஸ் ஆழமான தொட்டிக்கானது. சின்னத் தொட்டிக்கு அகலமாக விரிவதே நல்லது. வாராவாரம் விளக்கின் முகத்தில் படியும் உப்பைத் துடைத்தாலே கொஞ்சம் பி.ஏ.ஆர். திரும்பக் கிடைக்கும்.

எந்த விளக்கானாலும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். வெள்ளை எல்இடியே நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான்; அது பெரும்பாலும் நம் கண்ணின் திருப்திக்கு. கடைகளில் நீலத்தை மட்டும் எரியவிட்டுப் பவளத்தைப் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கவைப்பார்கள். வாங்குமுன் வெள்ளையையும் போடச் சொல்லிப் பாருங்கள்.

புதிதாக வாங்கிய பவளத்தைத் தொட்டியின் அடித்தரையில் வையுங்கள். விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், டைமர் வைத்து. பிறகு பவளமே சொல்லும்: ஸோவாந்திட் தண்டை நீட்டி மேலே எட்டினால், நிறம் பழுப்பாக மாறினால், வெளிச்சம் குறைவு. உடல் சுருங்கி, நிறம் வெளிறினால் அதிகம். தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் அறவே இல்லாமல் போனாலும் பவளம் வெளிறும். அதையும் சோதித்துவிட்டு விளக்கைத் தொடுங்கள்.

வெளிறல் விஷயத்தில் சூடும் கூட்டாளி. 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததற்குக் காரணம் கடல் நீர் சூடேறியதுதான். சூடான தண்ணீரில் பாசியால் கடும் வெளிச்சத்தைத் தாங்க முடியாது. நச்சான ஆக்சிஜன் பெருகி, பவளம் பாசியை வெளியேற்றிவிடும். எனவே நம்மூர் மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோனால் முதல் வேலையாக விளக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை உடைத்து வந்தாலும் குற்றம். அக்ரோபோராவும் கல் பவளம்தான்; எனவே அதற்கான 350 மைக்ரோமோல் கவலை நமக்கு வேண்டாம். மஷ்ரூமும் லெதருமே போதும்.

பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம், தெரிந்தவரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், எந்த உயரத்தில் எத்தனை பி.ஏ.ஆர். என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வாட் எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து, அந்த வரைபடம் இல்லாமல் வரும் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.